விவரம் போதுமா?

ரயில்வேத் தேர்வுக்கோ வங்கித் தேர்வுக்கோ படிக்கும் பிள்ளை ஒன்றேனும் இல்லாத வீடு நம் சங்கத்துக் குடும்பங்களில் அரிது. அப்பிள்ளைகளைக் கேட்டுப் பார்த்தால், கூட்டல் கழித்தலுக்கு அஞ்சாதவர்களும் ஒரு வகைக் கணக்கைக் கண்டால் அஞ்சுவதாகச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் அதற்கு 'டேட்டா சஃபிஷியன்சி' என்று பெயர். 'கொடுத்த விவரம் போதுமா?' என்பதுதான் அதன் பொருள். ஒரு வினா இருக்கும். அதன் கீழ் இரண்டு கூற்றுகள் இருக்கும். முதற் கூற்று மட்டும் போதுமா, இரண்டாவது மட்டும் போதுமா, ஒவ்வொன்றும் தனியே போதுமா, இரண்டும் சேர்ந்தால்தான் போதுமா, சேர்ந்தாலும் போதாதா என்று சொல்ல வேண்டும். விடையை யாரும் கேட்கவில்லை. விடை காண வழி உண்டா என்றே கேட்கிறார்கள்.

மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி, கடைநிலை ஊழியராகச் சேர்ந்து, பின்பு இலாகாத் தேர்வெழுதி நாகபுரியில் ரயில்வேக் குமாஸ்தாவானவர் நாம். கணக்கைப் பற்றி எழுத நமக்கு என்ன யோக்கியதை என்று அன்பர்கள் கேட்கலாம். நம் தமக்கையின் மகளே இதற்குக் காரணம். அவள் தந்தை காலமான பிறகு தாயும் மகளும் நம் இல்லத்தில்தான் இருக்கிறார்கள். பெண் பட்டதாரி. ரயில்வேயின் என்.டி.பி.சி. தேர்வை இருமுறை எழுதி, இருமுறையும் முதற் கட்டத்திலேயே நின்றுவிட்டாள். "இந்தத் தடவையும் இல்லையென்றால் ஊருக்கு அழைத்துக்கொண்டு போய் ஒருவன் கையில் பிடித்துக் கொடுத்துவிடுவேன்" என்று தமக்கை சொல்லிவிட்டாள். சொன்னதைச் செய்கிறவள் அவள். பெண்ணோ வாய் திறக்காமல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நம் மேசைக்கு வந்தாள்.

இதற்கு முன் அவள் ஒரு பயிற்சி நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். கட்டணம் பெரிது, கிடைத்தவை முந்நூறு குறுக்கு வழிகள். குறுக்கு வழியை நாம் பழிக்கவில்லை. ஆனால் விடைக்கு விரைந்து போகும் வழியே இந்த வகைக் கணக்கில் ஆளைக் கவிழ்க்கிறது. முதற் கட்டத் தேர்வில் 90 நிமிடத்துக்கு 100 வினாக்கள். ஒன்றுக்கு 54 விநாடிதான். தவறான விடை ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு மதிப்பெண் கழியும். முழுக் கணக்கையும் போட்டு முடிக்கும் பழக்கம் உள்ளவர்க்கு நேரமும் போகிறது, மதிப்பெண்ணும் போகிறது.

நமக்குப் பழகிய டிக்கெட் விவகாரத்தையே எடுத்துக்கொண்டோம். ஒரு கூட்டம் முன்பதிவில்லா வண்டியில் போகிறது. சிறுவர்க்கு அரைக் கட்டணம். மொத்தக் கட்டணத்தில் சிறுவர் பங்கு நூற்றுக்கு எவ்வளவு? முதற் கூற்று: பெரியவர், சிறுவர் விகிதம் 3:2. இரண்டாம் கூற்று: மொத்தக் கட்டணம் 1,600 ரூபாய்.

அவள் மளமளவென்று போட்டாள். பெரியவர் பங்கு 1,200, சிறுவர் பங்கு 400, ஆகவே நூற்றுக்கு 25. பிறகு, "இரண்டும் சேர்ந்தால்தான் போதும், மாமா" என்றாள். கணக்குச் சரி, தேர்வு விடை தவறு. பெரியவர் மூன்று பங்கு, சிறுவர் இரண்டு அரைப் பங்கு, அதாவது ஒரு பங்கு. நான்கில் ஒன்று என்று முதற் கூற்றிலேயே முடிந்துவிட்டது. 1,600 என்பது வழியில் கிடந்த காசு. குனிந்து எடுத்ததில் வண்டி போய்விட்டது.

"சரி அம்மா, சிறுவர் எத்தனை பேர் என்று கேட்டால்?" என்றோம்.

இம்முறை அவள் பேனாவை எடுக்கவில்லை. பெரியவர் டிக்கெட் 100 ரூபாயானால் பெரியவர் 12, சிறுவர் 8. டிக்கெட் 200 ரூபாயானால் பெரியவர் 6, சிறுவர் 4. இரண்டுக்கும் மொத்தம் 1,600தான். "இரண்டு கூற்றும் சேர்ந்தாலும் போதாது" என்றாள். பங்கைக் கேட்டால் விகிதம் போதும். தலையைக் கேட்டால் தலையோடு தொடர்புள்ள எண் ஒன்று வேண்டும். இதை அன்று அவள் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டாள்.

இதற்கு விலக்கும் உண்டு. நம் சங்கக் கூட்டத்துக்கு வந்த ஆண், பெண் விகிதம் 5:4 என்றும், வந்தவர் 40க்கு மேல் 50க்குக் கீழ் என்றும் சொன்னால், பெண்கள் எத்தனை பேர்? திட்டமான எண் ஒன்றும் இல்லையே என்று தோன்றும். ஆனால் மனிதரை அரையாகவும் காலாகவும் எண்ண முடியாது. மொத்தம் ஒன்பதின் மடங்காக இருந்தாக வேண்டும். அந்த எல்லைக்குள் 45 ஒன்றே உண்டு. பெண்கள் 20. இரண்டும் சேர்ந்து போதும்.

அவள் அதிகம் இடறிய இடம் வேறு. ஓர் அலுவலகத்தில் பெண்கள் நூற்றுக்கு 40க்கு மேல் உண்டா? முதற் கூற்று: ஆண், பெண் விகிதம் 2:1. இரண்டாம் கூற்று: ஆண்கள் 60 பேருக்குக் குறையவில்லை. விகிதம் 2:1 என்றால் பெண்கள் மூன்றில் ஒரு பங்கு; 40க்கு மேல் இல்லை. அவள் 'போதாது' என்று குறித்துவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "இல்லை என்றுதானே மாமா வருகிறது?" என்றாள். 'இல்லை' என்பது முழு விடை. அதைத் திட்டமாகச் சொல்ல முடிகிறதென்றால் விவரம் போதும் என்றே பொருள். 'உண்டா இல்லையா என்று சொல்ல முடியவில்லை' என்பதுதான் போதாமை. அவளுடைய பழைய பயிற்சித் தாள்களைப் புரட்டிப் பார்த்தோம். இந்த வகையில் தவறியவற்றுள் பாதிக்கு மேல் இந்த ஒரே மயக்கத்தால் தவறியவை. முந்நூறு குறுக்கு வழி சொன்ன நிலையத்தில் இதை ஒருவரும் சொல்லவில்லை என்பது நமக்கு வியப்பாகவே இருந்தது.

சதவிகிதத்தில் நம் தாய்மொழி செய்யும் ஓர் உதவியை இங்கே சொல்லியாக வேண்டும். நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலத்திலும் தெருவில் மராத்தியிலும் ஹிந்தியிலும் பேசுகிறார்கள். நூற்றுக்கு 25 என்பது அவர்கள் வாயில் 'பச்சீஸ் டக்கே'. ஆங்கில வினாவில் எது நூறு, எது நூற்றுக்கு மேல் என்று அவர்களுக்குத் தட்டுப்படுவதில்லை. அதையே தமிழில் வாய்விட்டுச் சொல்லச் சொன்னோம். "கமலாவின் சம்பளத்தைவிட விமலாவின் சம்பளம் நூற்றுக்கு 25 அதிகம்." 'விட' எதனோடு ஒட்டுகிறதோ அது நூறு. கமலா 100, விமலா 125. இனி விமலாவின் சம்பளத்தைவிடக் கமலாவின் சம்பளம் நூற்றுக்கு எவ்வளவு குறைவு? இப்போது 'விட' விமலாவிடம் வந்துவிட்டது. 125இல் 25 குறைவு, ஐந்தில் ஒன்று, ஆகவே 20. இருவர் சம்பளமும் எத்தனை ரூபாய் என்று தெரிய வேண்டியதே இல்லை. மராத்தியில் 'பேக்ஷா' என்ற சொல்லும் இதே வேலையைச் செய்கிறது என்று அவளே கண்டுபிடித்துச் சொன்னாள். நம் பாட்டிமார் நூற்றுக்குப் பன்னிரண்டரையை அரைக்கால் என்றும், ஐந்தை ஒரு மா என்றும் விரல் விட்டுக் கணக்கிட்டவர்கள். அவர்களுக்கு இந்த வினாக்கள் விளையாட்டாகத்தான் இருந்திருக்கும்.

அலுவலகத்திலும் இதைப் பார்த்தோம். மத்திய அரசு ஊழியரின் அகவிலைப்படி 2024 ஜூலை முதல் நூற்றுக்கு 50இலிருந்து 53 ஆயிற்று. மூன்று சதவிகித உயர்வு என்று எல்லோரும் பேசினார்கள். எதில் மூன்று? அடிப்படைச் சம்பளத்தில் மூன்று. சம்பளமும் படியும் சேர்ந்த தொகை 150இலிருந்து 153 ஆனபடியால் அதில் உயர்வு இரண்டுதான். படியை மட்டும் பார்த்தால் ஆறு. இந்த மூன்றுக்கும் 50, 53 என்ற இரண்டு எண்களே போதும். கைக்கு எத்தனை ரூபாய் கூடும் என்பதற்கு மட்டும் அடிப்படைச் சம்பளம் தெரிய வேண்டும். அது 18,000 ஆனால் மாதம் 540 ரூபாய். இதை வீட்டில் சொன்னபோது தமக்கை, "அப்படியானால் உனக்கு எவ்வளவு கூடிற்று?" என்று கேட்டாள். "விவரம் போதாது அம்மா" என்றாள் மகள். நாமும் அந்த விவரத்தைக் கொடுக்கவில்லை.

அடுத்த மாதம் தேர்வு. நாள்தோறும் இரவு உணவுக்குப் பின் கடிகாரம் வைத்து இந்த வகையில் இருபது கணக்கு கொடுக்கிறோம். தொடக்கத்தில் எட்டோ ஒன்பதோ சரியாக வந்தது; இப்போது பதினாறு வருகிறது, நேரத்துக்குள்ளும் முடிகிறது. தமக்கை ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் விளக்கணைக்கும் நேரத்தைப் பற்றி முன்போலக் கோபிப்பதை நிறுத்திவிட்டாள்.

சென்ற ஞாயிறன்று ஆரஞ்சை வைத்து ஒரு கணக்குக் கொடுத்தோம். பழத்தின் விலை நூற்றுக்கு 25 ஏறிவிட்டது. பழச் செலவு ஏறாமலிருக்க வாங்குவதை நூற்றுக்கு எவ்வளவு குறைக்க வேண்டும்? பழத்தின் விலை தெரிய வேண்டுமா, வேண்டாமா? அவள் கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருக்கையில் சமையலறையிலிருந்து நம் மனைவியின் குரல் வந்தது: "ஐந்து பழம் வாங்கும் இடத்தில் நான்கு வாங்குங்கள். விலையை எதற்குக் கேட்கிறீர்கள்?"