அளவெடுத்த ஆடை

பெரகலையிலிருந்து வெல்லவாயாவை நோக்கி இறங்கும் நெடுஞ்சாலையில் கொஸ்லந்த உள்ளது. அதற்குச் சற்று அப்பால் தியலும நீர்வீழ்ச்சி 220 மீற்றர் உயரத்திலிருந்து வீழ்கின்றது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் மண்சரிவிற் புதையுண்டபோதே இப்பகுதியின் பெயர் பலர் செவிக்கு எட்டியது. இம்மலைச்சரிவுகளில் வாழும் தமிழரைக் குடிசனக் கணிப்பு நெடுங்காலம் ‘இந்தியத் தமிழர்’ என்றே எழுதிவந்தது. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 இன் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கையின்படி நீலகிரிக்குச் சென்றோரை அங்குள்ளவர்கள் ‘சிலோன்காரர்’ என்றனர். இங்கே இந்தியர், அங்கே இலங்கையர். இந்தியரல்லாதார் இந்திய நடனம் பயிலலாமா, அதன் உடையை அணியலாமா என்னும் வினா இத்தகைய ஊரில் எழும்போது சற்று விசித்திரமான வடிவம் கொள்கின்றது. தமிழ்மொழிப் பாடசாலைகளிற் பரதம் க.பொ.த. சாதாரண தரத்துக்குரிய ஒரு பாடம். அதனைப் பயிலும் தோட்டத்துச் சிறுமி எந்தக் கணக்கிற் சேர்வாள்?

அவளுடைய முன்னோர் 19 ஆம் நூற்றாண்டில் திருச்சி, சேலம், மதுரை முதலிய மாவட்டங்களின் கிராமங்களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்தவர்கள். அவர்கள் தம்மோடு கொணர்ந்தவை காமன் கூத்தும், பொன்னர் சங்கர் கூத்தும், அர்ச்சுனன் தபசும் ஆகும். சதிர் அவர்களோடு வரவில்லை. வந்திருக்கவும் இயலாது. அது கோயிலுக்கும் அரசவைக்கும் செல்வர் மாளிகைக்கும் உரியதாயிருந்தது. அதனை ஆடிய பெண்களின் பரம்பரைச் சொத்தாயிருந்தது. வயலிற் கூலிக்கு நின்றவன் அதனை எட்ட நின்றேனும் பார்த்திருப்பானா என்பது ஐயமே. எனவே தோட்டத்துப் பிள்ளைக்குப் பரதம் பாட்டி வைத்துச்சென்ற முதுசமன்று. பாடத்திட்டம் கொணர்ந்த புதுவரவு.

இவளோடு சேர்த்து நோக்கத்தக்கவர் ஓர் அமெரிக்கப் பெண்மணி. எஸ்தர் ஷேர்மன் என்பவர் 1893 இல் மிச்சிகன் மாநிலத்திற் பிறந்து மினியாபொலிஸ் நகரில் வளர்ந்தவர். 1920களில் நியூயோர்க் மேடைகளில் ராகினி தேவி என்னும் பெயரோடு இந்திய உடை உடுத்தி ஆடினார். தாம் காஷ்மீரத்திற் பிறந்தவர் என்றும் சொல்லிக்கொண்டார். 1928 இல் இந்திய நடனம் பற்றி ‘நிருத்தாஞ்சலி’ என்னும் நூலையும் வெளியிட்டார். அவர் இந்தியாவுக்கு வந்ததோ 1930 இல். ஆடை முதலில், நூல் அடுத்து, முறையான கல்வி கடைசியில்! இதனைப் போலி என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும் பின்னர் நிகழ்ந்ததையும் நோக்கவேண்டும். சென்னையில் மயிலாப்பூர் கௌரி அம்மாளிடம் அவர் சதிர் பயின்றார். கேரள கலாமண்டலத்திற் கதகளி பயின்றார். கோபிநாத்துடன் இணைந்து இந்திய நகரங்களில் ஆடினார். பிறப்பைப் பற்றிய பொய் பயிலுமுன் அவருக்குத் தேவைப்பட்டிருக்கலாம். பயின்றபின் அதனால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை.

அதே கோபிநாத்திடம் 1940களின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து சென்ற சிங்கள இளைஞர் ஒருவரும் கதகளி கற்றார். அவரே சித்திரசேன. இந்தியாவிற் பெற்ற பயிற்சி அவரை இந்தியராக்கவில்லை. கண்டிய நடனத்தை நவீன மேடைக்குக் கொணர்ந்தவர் என்றே அவர் போற்றப்படுகிறார். அக்கண்டிய நடனத்தில் ‘வெஸ்’ என்னும் தலையணி, பயிற்சி முற்றிச் சடங்கு நிகழ்ந்த பின்னரே ஆடுபவன் தலையில் ஏறும். பரதத்தின் உடைக்கு அத்தகைய காவல் இல்லை. காசு உள்ளவர் எவரும் அதனை வாங்கலாம். இது நன்மையா தீமையா என்பது, காசு யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

தொன்மையின் சின்னமாகக் கருதப்படும் அவ்வுடைக்கோ வயது ஒரு நூற்றாண்டுகூட நிரம்பவில்லை. கௌரி அம்மாள் காலத்து ஆடுநர் பைஜாமாவின்மேல் சேலையைச் சுற்றிக் கட்டி ஆடினர். 1935 இல் ருக்மிணி தேவி அடையாற்றில் முதன்முதலாக ஆடிய காலத்தையொட்டியே தைத்த உடை உருப்பெற்றது. கோயிற் சிற்பங்களைக் கண்டு அவர் கருதியதைத் துணியில் வெட்டித் தைக்க உதவியவர், பிரம்மஞான சபைச் சூழலில் இருந்த ஓர் இத்தாலியப் பெண். எனவே அயலாரின் கை அவ்வுடையின் முதல் தையலிலேயே உண்டு. மறுபுறத்தில், ருக்மிணி தேவிக்கும் ராகினி தேவிக்கும் கற்பித்த கௌரி அம்மாளின் குலத்தவர் கோயிலில் ஆடுவதை 1947 ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. அவர் வறுமையில் வாழ்ந்து 1971 இல் மறைந்தார். புது உடை எல்லோருக்கும் கிட்டிய அதே காலத்தில், பழைய உடைக்குரியவள் மேடையை இழந்தாள்.

கட்டும் சேலைக்கும் தைத்த உடைக்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. பன்னிரண்டு முழச் சேலையோ பதினெட்டு முழச் சேலையோ, கட்டுவது யார் உடலுக்கும் பொருந்தும். அவிழ்த்தால் மீண்டும் சேலையாகும். தைத்த உடை ஒருத்தியின் உடலுக்கே அளவானது. பட்டுச்சேலை ஒன்று பைஜாமாவாகவும், முன்விசிறியாகவும், மேலாக்காகவும், இடைத்துண்டாகவும் வெட்டுப்பட்டபின் திரும்பச் சேலையாவதில்லை. நெடிய கால்களையுடைய மேனாட்டுப் பெண்ணுக்கு அரைமண்டியில் விசிறி உரியவாறு விரிய, அளவு வேறாதல் வேண்டும். பொன்னிறக் கூந்தலுக்குக் கரிய பொய்ச்சடை தேடவேண்டும். நெற்றிச்சுட்டியும் சூரிய சந்திரப் பிரபைகளும் ஒட்டியாணமும் நாகர்கோவில் வடசேரியிலிருந்து அவளுக்கு வருவிக்கப்படலாம். அவளுடைய சிக்கல்கள் அளவும் தூரமும்; இரண்டும் தீரக்கூடியவை.

கொஸ்லந்தச் சிறுமியின் கூந்தல் கரியது. உயரம் தையற்காரருக்குப் பழகியது. அவளுக்குத் தடை வேறு. தோட்டத்தில் ஒருநாட் கூலியைப் ‘பேர்’ என்பர். குறித்த அளவு கொழுந்து எடுத்தாலே முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். நீண்ட போராட்டத்தின் பின் 2021 இலேயே அந்த முழுப்பேர் 1000 ரூபாவாயிற்று. ஒரு பட்டுச்சேலையும் தையற்கூலியும் தலைச்சாமான்களும் சலங்கையும் எத்தனை பேர் என்று தாய் விரல்விட்டு எண்ணவேண்டியிருக்கும். வாடகைக்கு எடுக்கலாம், அது வேறொருத்தியின் அளவு. பெட்டியிலுள்ள தன் கூறைச்சேலையை வெட்டக் கொடுக்கலாம். கத்தரிக்கோல் பட்டுவிட்டால் அது மகளுடையது, அதுவும் இரண்டோர் ஆண்டுகளுக்கு மட்டுமே, பிள்ளை வளர்ந்துவிடும்.

கைதேர்ந்த தையற்காரர் இதை அறிவார். ஓரங்களில் இரண்டு அங்குலத் துணியை வெட்டாமல் உள்மடித்துத் தைப்பார். வளர வளர அதைப் பிரித்துவிடலாம். தங்கை ஆட வந்தால் மீண்டும் மடிக்கலாம். பழைய தையலின் ஊசித்துளைகள் பட்டில் வரிசையாகத் தெரியும். மேடையின் தூரத்தில் அவை தெரியமாட்டா.