மேல்வீட்டு டிரம்

நியூ ஜெர்சி மாநிலத்து எடிசனில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடியில் மேல்வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்தால் எங்கள் வீட்டு ரசம் அதிரும். 1984 கோடையில் அங்கிருந்து இறங்கியது நாற்காலிச் சத்தம் இல்லை, டிரம். துப்பாக்கி வெடிப்பதுபோல ஓர் அடி, இடைவெளி விட்டு இன்னோர் அடி. நடுவே ஐந்தாறு சுரங்கள் மட்டுமே உள்ள ஒரு மெட்டு, கோயில் மணி மாதிரி விடாமல் சுற்றிச் சுற்றி வரும்.

தம்பி பிறந்து மூன்று வாரம். தூளி கட்ட விட்டம் இல்லாத ஊர். உடற்பயிற்சிக்காக விற்கும் இரும்புக் கம்பியை அப்பா வாங்கிவந்து, அறை நிலைப்படியின் குறுக்கே முடுக்கியிருந்தார். அதில் அம்மாவின் பழைய சுங்குடிச் சேலை. உள்ளே போகவும் வெளியே வரவும் நாங்கள் தம்பிக்கு அடியில் குனிந்துதான் போகவேண்டும்.

"பச்சப்புள்ள இருக்கிற வீடுன்னு தெரிய வேணாமா?" என்று அம்மா விளக்குமாற்றுக் கட்டையால் கூரையை இடிப்பாள். அவர் அதையும் தாளம் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, சத்தம் குறையாது.

நாங்கள் மன்னார்குடியிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எனக்கு ஒன்பது வயது. பாட்டில் எனக்கு விளங்கியது திரும்பத் திரும்ப வந்த ஒரே வரிதான், அதாவது இசைத்தட்டின் பெயர்: 'பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.' அமெரிக்காவில் பிறந்தவன். வேறு யார், தூளிக்குள் கிடக்கிறானே, அவன்தான். "இவன் பொறந்தப்பவே இந்த நாட்டுக்காரன். நாமதான் வரிசையில நிக்கணும்" என்று அப்பா பெருமையாகச் சொல்லியிருந்தார். எனக்கு வயிற்றெரிச்சல். ஆனாலும் தூளியை ஆட்டிக்கொண்டே அந்த வரியைத்தான் தாலாட்டாகப் பாடினேன்.

படிக்கட்டில் நான் அதை முணுமுணுத்ததைக் கேட்டுவிட்டுத்தான் மேல்வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டார். இசைத்தட்டு உறையைக் காட்டினார். கொடியின் சிவப்பு வெள்ளைப் பட்டைகளுக்கு முன்னால், ஜீன்ஸ் பின்பாக்கெட்டில் சிவப்புத் தொப்பி செருகிய ஒருவரின் முதுகு. ஆனி லீபோவிட்ஸ் எடுத்த படம். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "மூஞ்சியைக் காட்டாம எதைப் போட்டிருக்காங்க பாரு" என்றாள். உள்ளுறையில் பாட்டுகள் அச்சாகியிருந்தன. அவர் விரலை வைத்து வைத்து வாசித்தார். வேலை வெட்டி இல்லாத ஊரில் பிறந்த ஒருவன். கையில் துப்பாக்கியைக் கொடுத்து வியட்நாமுக்கு அனுப்புகிறார்கள். திரும்பி வந்தால் எண்ணெய் ஆலையில் வேலை இல்லை என்கிறார்கள். அண்ணனோ தம்பியோ, ஒருவன் அங்கேயே செத்துப்போகிறான்.

எண்ணெய் ஆலை எனக்குத் தெரியும். ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்குப் போகும் வழியில், லிண்டன் அருகே, நெடுஞ்சாலைக்குப் பக்கத்திலேயே புகைபோக்கியின் உச்சியில் நெருப்பு எரியும். நான் அதற்கும் கன்னத்தில் போட்டுக்கொள்வேன். அதைச் சொன்னதும் அவர் வெகுநேரம் சிரித்தார். அவரும் பதின்மூன்று மாதம் வியட்நாமில் இருந்தவர் என்பதை அன்றைக்குச் சொல்லவில்லை. ஒரு கார் தொழிற்சாலை மூடியதில் வேலை போய், ஏதோ கிடங்கில் இரவு வேலை பார்த்துவந்தார்.

பாடியவர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், பக்கத்து ஃப்ரீஹோல்டில் வளர்ந்தவர். அவர் போருக்குப் போகவில்லை, உடல் தகுதிச் சோதனையில் தள்ளிவிட்டார்கள். அவருடைய முதல் குழுவில் டிரம் வாசித்த பையன் போனான், திரும்பவில்லை. இந்தப் பாட்டை 1982இல் வெறும் கிதாரோடு பாடியும் வைத்திருந்தார். வெகுகாலம் கழித்து அது வெளிவந்தபோது கேட்டேன். அதைக் கேட்டு யாரும் வெற்றி முழக்கம் என்று ஏமாறமுடியாது. எல்லாரையும் ஏமாற்றியது அந்த டிரம்தான். அது இல்லாவிட்டால் கீழ்வீட்டுப் பையன் காதில் விழுந்தும் இருக்காது.

செப்டம்பரில் அதிபர் ரீகன் தேர்தல் பிரசாரத்துக்கு எங்கள் மாநிலத்து ஹாமண்டனுக்கு வந்தார். "இங்க பாருடா, உன் பாட்டுக்காரன் பேரைச் சொல்றாரு!" என்று அப்பா தொலைக்காட்சி முன்னாலிருந்து கத்தினார். ஸ்பிரிங்ஸ்டீனின் பாட்டுகளில் நம்பிக்கை இருக்கிறதாம். நான் மேலே ஓடினேன். அவருடைய பெட்டியிலும் அதே செய்தி. என்னைப் பார்த்து, "அவரும் உன்னைப் போல ஒரு வரிதான் கேட்டிருக்கிறார்" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நான்தான் உள்ளுறையைப் படித்துவிட்டேனே.

இரண்டு நாள் கழித்துப் பிட்ஸ்பர்க் மேடையில் ஸ்பிரிங்ஸ்டீன், அதிபருக்குப் பிடித்த இசைத்தட்டு எதுவாக இருக்கும் என்று யோசித்ததாகச் சொல்லிவிட்டு, வேலை போன கார் தொழிலாளி கொலைகாரனாகும் 'ஜானி 99' பாட்டைப் பாடினாராம். மேல்வீட்டுக்காரர் அதை இரண்டு முறை சொன்னார், இரண்டாம் முறை மேடையில் தானே நின்றதுபோல.

நவம்பரில் ரீகன் 49 மாநிலங்களில் ஜெயித்தார். டிசம்பரில் மேல்வீடு காலியானது. எங்கே போனார் என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்றிரவிலிருந்து தம்பி தூங்க மறுத்தான். வசம்பு உரைத்துக் கொடுத்தாகிவிட்டது, விபூதி பூசியாகிவிட்டது, அழுகை நிற்கவில்லை. மூன்றாம் நாள் நடுராத்திரி அம்மா எழுந்துபோய் விளக்குமாற்றை எடுத்துவந்தாள். யாரும் இல்லாத மேல்வீட்டைப் பார்த்து, கூரையில் ஓர் அடி. கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னோர் அடி.