அம்மா குடுக்காத கடிதம்

அம்மாவுக்குக் கிழமைக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். மற்ற நாட்களில் புடவைக்கடையில் கணக்கு எழுதுவா. பதினொரு வருஷ வேலை. போன மாதம் முதலாளி கூப்பிட்டு, "உங்களுக்கும் கஷ்டம்தானே அக்கா, விலகுறதா ஒரு கடிதம் எழுதித் தாங்கோ" என்றாராம். அதட்டவில்லை, தேத்தண்ணியும் குடுத்தவராம்.

கலைப்பீடத்தில் படிக்கிற எங்களிடம்தான் அம்மா அதை எழுதச் சொன்னா. அவ ஆறுதலாக இருக்கட்டும் என்று நாங்களும் பேனையை எடுத்தோம். திகதி போட்ட பிறகுதான், தொழில் திணைக்களத்தில் ஒருக்கா கேட்பம் எண்டு பட்டது.

1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேரோ கூடவோ வேலைசெய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணமில்லாமல் ஒருவரை நிறுத்த அவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இல்லாவிட்டால் தொழில் ஆணையாளரின் முன் அனுமதி வேண்டும். அம்மாவின் கடையில் 22 பேர். அந்தச் சம்மதத்தைத்தான் எங்கட கையாலேயே எழுதிக் குடுக்கப் பார்த்திருக்கிறோம்.

பிறகு வேறு கடிதம் எழுதினோம்: சிகிச்சை நாட்கள், வைத்தியரின் சான்றிதழ், அந்த இரண்டு நாளுக்கும் சம்பளமில்லாத லீவு. பிரதி எங்களிடம் இருக்கு. பதில் இன்னும் வரவில்லை. "வீட்டில இருந்தா நான் வருத்தக்காரி மட்டும்தானே" என்று சொல்லிவிட்டு அம்மா இன்றைக்கும் வேலைக்குப் போனா.

உங்கட வீட்டிலும் ஆராவது இப்படிக் கடிதம் கேட்டால், திகதி போட முதல் ஒருக்கா விசாரியுங்கோ.