சறுக்கு மர ஊரில் பத்தாம் நம்பர்

லஹ்தி எங்கே இருக்கிறது என்று அட்லஸைப் புரட்டிக் கஷ்டப்பட வேண்டாம். பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியில் ரயில் ஏறி ஒரு குட்டித் தூக்கம் போட்டால் வந்துவிடும். சுமார் நூறு கிலோமீட்டர், ஒரு மணி நேரம்.

ஊரின் அடையாளம் மூன்று ராட்சதச் சறுக்குக் கோபுரங்கள். குளிர்காலத்தில் உச்சியிலிருந்து மனுஷன் சர்ரென்று வழுக்கி, பறவை மாதிரி பறந்து, பனியில் வந்து இறங்குகிறான். கோடையில்? அவன் இறங்கும் அதே சரிவில் நீச்சல்குளம்! இடத்தை வீணாக்காத ஜனங்கள். ஸ்கீ உலகப் போட்டியை ஏழு தடவை நடத்திய ஊர் இது.

அப்பேர்ப்பட்ட ஊர் 2010-ல் சிலை வைத்தது யாருக்குத் தெரியுமோ? ஒரு கால்பந்துக்காரருக்கு. யாரி லிட்மானன். அதிலும் வேடிக்கை, அந்த வருஷம் அவர் அதே ஊர் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார். ரிட்டயர் ஆகும்வரைகூடப் பொறுக்கவில்லை!

லிட்மானன் 1971-ல் இங்கே பிறந்தவர். அப்பா, அம்மா இரண்டு பேருமே ரெய்பாஸ் கிளப்பில் பந்து உதைத்தவர்கள். அப்பா தேசிய அணிக்கும் ஆடியவர். ரெய்பாஸே ஒரு அகதி கிளப். அதன் பிறந்த ஊரான வீபுரி, யுத்தத்தில் சோவியத் பக்கம் போய்விட, மூட்டை முடிச்சோடு லஹ்திக்குக் குடிவந்தது. மகனும் 1987-ல் அங்கேதான் ஆரம்பித்தார்.

1992-ல் ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸ் கூப்பிட்டது. மறுவருஷம் பெர்க்காம்ப் இத்தாலிக்குப் போக, அவருடைய பத்தாம் நம்பர் சட்டை நம்ம ஆளுக்கு. நடுக்களத்துக்கும் முன்வரிசைக்கும் நடுவே ஒளிந்து திரிந்தே அந்த சீஸனில் லீகில் 26 கோல்! 1995-ல் மிலானை வீழ்த்தி ஐரோப்பிய சாம்பியன். அந்த வருஷம் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் தேர்வில் மூன்றாம் இடம். அப்புறம் பார்சிலோனா, லிவர்பூல், நடுநடுவே காயங்கள். அதெல்லாம் கிடக்கட்டும்.

பின்லாந்துக்காரர்களுக்கு வலிப்பது வேறு. அவரை 'ராஜா' என்றே அழைக்கிறார்கள். ஆனால் ராஜா ஒரு உலகக் கோப்பையில்கூட, ஒரு ஐரோப்பியக் கோப்பையில்கூட ஆடியதில்லை. நாடு தகுதி பெற்றால்தானே?

1997 அக்டோபரில் கிட்டத்தட்ட நடந்துவிட்டது. ஹெல்சிங்கியில் ஹங்கேரியை ஜெயித்தால் உலகக் கோப்பைக்கான பிளே-ஆஃப். 1-0 என்று முன்னணி. ஆட்டம் முடிகிற நேரம், ஒரு கார்னர். கோல் வாசலில் பந்து முட்டி மோதி, சொந்த கோல்கீப்பர் மேலேயே பட்டு உள்ளே உருண்டுவிட்டது! 1-1. அவ்வளவுதான். எதிரி அடித்த கோலாக இருந்தால் திட்டவாவது ஒரு ஆள் கிடைத்திருப்பான், பாவம்.

லிட்மானன் விடவில்லை. 137 சர்வதேச ஆட்டம், 32 கோல். கடைசி கோல் 2010 நவம்பரில், சான் மரினோவுக்கு எதிராக ஒரு பெனால்ட்டி. அப்போது வயது 39.

பின்லாந்து ஒருவழியாகப் பெரிய போட்டிக்குப் போனது 2021-ல். ஐரோப்பியக் கோப்பையில் முதல் ஆட்டத்திலேயே, கோபன்ஹேகனில் டென்மார்க்கை 1-0 என்று ஜெயித்தது. ராஜாவுக்கு அப்போது ஐம்பது வயது.