குழவியைத் தூக்குவது யார்?

என் தம்பி மகள் சென்னை ஈச்சங்காடு சிக்னலுக்குப் பக்கத்தில் புதிதாக வீடு வாங்கியிருக்கிறாள். பால் காய்ச்சின மறுவாரம் கைபேசியும் கையுமாக என்னைப் பார்க்க வந்தாள். அதில் சமையலறைக்கு வாங்க வேண்டிய சாமான்கள் பதினான்கு. "அத்தை, இதுல எது நல்லதுன்னு சொல்லுங்க" என்றாள்.

"அதை அப்புறம் பார்க்கலாம். போன வாரம் ஏழு நாளும் என்ன சமைச்சே, ஒரு தாள்ல எழுது" என்றேன்.

எழுதினாள். நாலு நாள் இட்லி, தோசை. ஒரு நாள் பொங்கல், ஒரு நாள் உப்புமா. ஞாயிற்றுக்கிழமை ஓட்டல். மதியத்துக்குச் சாம்பார், ரசம், ஒரு பொரியல். கைபேசிப் பட்டியலில் பிரெட் செய்யும் இயந்திரமும் கேக் அடுப்பும் இருந்தன. தாளில் பிரெட்டும் இல்லை, கேக்கும் இல்லை. அவளே சிரித்துவிட்டாள்.

சமையலுக்குத் தகுந்தபடிதான் சாமான் என்பதற்கு நம் நாட்டு மிக்சியின் கதையே சாட்சி. 1960களில் பம்பாயில் மாத்தூர் என்ற பொறியாளர் வீட்டில் வெளிநாட்டு மிக்சி ஒன்று இருந்தது. பழம் அடிக்கவும் மாவு கலக்கவும் செய்த இயந்திரம் அது. நம் பருப்பையும் மசாலாவையும் அரைத்ததில் மோட்டார் புகைந்துபோனது. அதன் பிறகுதான் நம் அரைவைக்கு ஈடுகொடுக்கும் மோட்டாரோடு அவர் சுமீத் மிக்சியை உருவாக்கினார். அந்த வெளிநாட்டு மிக்சி மேல் குற்றமில்லை, அது வேறொரு வீட்டுச் சமையலுக்குச் செய்தது. கிரைண்டரும் அப்படித்தான். 1955இல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் ஆட்டுரலுக்கு மோட்டார் பூட்டியது நம் இட்லி மாவுக்காகத்தான். இன்று கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது.

இவ்வளவும் பேசுகிற நான் முதலில் ஏமாந்தவள். 1996இல் நாங்கள் கோவிலம்பாக்கம் வந்தபோது எங்கள் தெருவில் ஏழு வீடுகள்தான். மெட்ரோ தூண்களெல்லாம் அப்போது கனவில்கூடக் கிடையாது. தீபாவளிக்கு என் நாத்தனார்கள் எல்லோரும் வருவார்களே என்று, கடைக்காரர் சொன்னதை நம்பிப் பெரிய கிரைண்டராக வாங்கிவிட்டேன். அவர்கள் வந்தது வருஷத்தில் இரண்டு தடவை. மற்ற நாளெல்லாம் அரைப்படி அரிசி அந்தப் பெரிய கல்லில் ஓரமாய் ஒட்டிக்கொண்டு, அரைபட்டும் படாமலும் சுற்றியது.

எங்கள் வீட்டு வேலைக்கு ஓர் அம்மா வருவார். குழவியைத் தூக்கிக் கழுவி வைப்பது அவர்தான். ஒரு நாள் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "வாங்கும்போது என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல, அம்மா?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விலை கேட்டேன், நிறம் பார்த்தேன், நாத்தனார்களை நினைத்தேன். தினமும் தூக்குகிறவரை நினைக்கவில்லை.

2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் விலையில்லா மிக்சி, கிரைண்டர் திட்டத்தில் அவருக்கும் ஒரு கிரைண்டர் கிடைத்தது. மேடையில் அடங்கும் சின்னது. அதிலேயே அரைத்துத் தெருவுக்கு மாவு விற்க ஆரம்பித்தார். என் பெரிய கிரைண்டரைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டு நானும் அவரிடமே மாவு வாங்கினேன். இட்லி பூப்போல வந்தது.

அதனால் தம்பி மகளிடம் நான் கடைப் பெயர் எதுவும் சொல்லவில்லை. சில கணக்குகளைத்தான் சொன்னேன். 750 வாட் மிக்சியை ஒரு நாளைக்கு ஐந்து நிமிஷம் ஓட்டினால் ஒரு யூனிட் ஆகப் பதினாறு நாள் பிடிக்கும். அதன் மின்சாரத்துக்குப் பயப்படாதே, ஜார் உன் கைக்குப் பிடிபடுகிறதா பார். ஓடுகிற மிக்சி திடீரென்று நின்றால் ரிப்பேர் கடைக்கு ஓடாமல், கொஞ்சம் ஆறவிட்டு அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்திப் பார். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு முழு வேகத்தில் அரைமணி எரிந்தால் ஒரு யூனிட். தினமும் எரித்தால் இரண்டு மாதத்தில் அறுபது யூனிட் அதற்கே போய்விடும். அதற்குப் பெரிய பிளக் பாயிண்ட் வேண்டும், அடியில் காந்தம் ஒட்டுகிற பாத்திரமும் வேண்டும். மின்சிக்கன நட்சத்திரத்தை ஃபிரிட்ஜில் பார், இரவும் பகலும் ஓடுவது அதுதான். குக்கர் வாங்கினால் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா பார், கேஸ்கெட்டும் வெயிட்டும் பக்கத்துக் கடையில் கிடைக்குமா என்று விசாரித்துக்கொள். நம் பகுதி போர் தண்ணீர் கெட்டிலில் வெள்ளையாய்ப் படியும், கை உள்ளே போய்த் தேய்க்க முடிகிற மாதிரி வாய் அகலமாய் வாங்கு.

"கடைசியா ஒண்ணு. கிரைண்டர் வாங்கறதுக்கு முன்னாடி கடையிலேயே குழவியைத் தூக்கிப் பாருங்க. வீட்டுல யார் தூக்கப் போறாங்களோ அவங்க தூக்கிப் பார்க்கணும்" என்றேன்.

சனிக்கிழமை சாயங்காலம் கடையிலிருந்தே போன் வந்தது.

"அத்தை, பதினாலு நாலாச்சு. கிரைண்டர் ரெண்டு லிட்டர்தான்."

"குழவியைத் தூக்கிப் பார்த்தியா?"

"நான் பார்க்கலை, அவர்தான் தூக்கிப் பார்த்துட்டிருக்கார். இனிமே ஞாயித்துக்கிழமை மாவரைக்கிறது அவர் வேலைன்னு பேசி முடிச்சாச்சு."

பின்னால் மாப்பிள்ளையின் குரல் கேட்டது: "இதைவிடச் சின்னது இல்லையா, அண்ணே?"