முந்தி வந்த மழை

அக்கினி நட்சத்திர நாள்களில் எங்கள் சான்பாடா வீட்டு மொட்டைமாடியில் அம்மா கூழ்வற்றல் இடுவது வழக்கம். 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் வானம் அடிக்கடி மூடிக்கிடந்தது. காற்றும் குளிர்ந்து வீசியது. வெயில் தலைகாட்டும் போதெல்லாம் அம்மா வற்றலை விரித்தார். எனக்கோ அக்குளிர்ச்சி பெருமகிழ்ச்சி தந்தது.

தென்காசியில் வாழும் ஆச்சியும் நானும் நாள்தோறும் தொலைபேசியில் வானிலையை ஒப்பிட்டுப் பேசுவோம். மே 24 அன்று, "இங்கே சாரல் விழுகிறது. இக்காற்று அங்கும் வரும், வற்றலை உள்ளே எடுத்துவைக்கச் சொல்" என்றார் ஆச்சி. அன்றுதான் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியிருந்தது. அக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே தென்காசியையும் தொட்டிருந்தது.

மும்பையில் பருவமழை தொடங்கும் வழக்கமான நாள் ஜூன் 11. ஆகவே, நான் அம்மாவிடம் ஒன்றும் கூறவில்லை. ஆனால், மே 26 அன்றே பருவமழை மும்பையை அடைந்தது. வற்றல் முழுவதும் நனைந்து கரைந்தது. அம்மா வாய்திறவாமல் வெறுந்துணியைப் பிழிந்தார்.

அன்றிரவு ஆச்சியிடம் உண்மையைச் சொன்னேன். "மழைக்கு நாள்காட்டி தெரியுமா, கண்ணே?" என்றார் அவர்.

இப்போது ஆச்சியின் ஊர்க்காற்றைக் கேட்டறிந்து, அதை அம்மாவிடம் சொன்ன பின்னரே எங்கள் மாடியில் வற்றல் காய்கிறது.