தோளைத் தொடும் முன்

பரிசோதனை வாசலிலேயே தொடங்கிவிட்டது என்பது அந்த அறைக்குள் நுழையும் யாருக்கும் தெரிவதில்லை. பவானிப் பக்கம், ஓர் அரசு மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவு. அங்கே பணிபுரியும் பெண்மணி, நோயாளி உள்ளே வரும்போது சீட்டைப் பார்ப்பதில்லை, ஆளைப் பார்க்கிறார். எந்தக் காலை அவசரமாகத் தூக்கிவிடுகிறார், ஒற்றைக் காலில் உடம்பைத் தாங்கும்போது இடுப்பு மறுபக்கம் சரிகிறதா, உட்காரக் கையை ஊன்றுகிறாரா. "நடந்து காட்டுங்கன்னு சொன்னா எல்லாரும் நல்லாத்தான் நடப்பாங்க. யாரும் பார்க்கலைன்னு நெனைக்கிறப்பத்தான் நெச நடை வரும்" என்றார்.

அன்று முதலில் வந்தவர் ஐம்பதைத் தாண்டிய ஜமக்காள நெசவாளர். வலது கையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தார். "தோள்பட்டையில வாயு பிடிச்சிருக்குதுங்க மேடம். கரண்டு வச்சா சரியாப் போயிருங்களா?"

பிசியோதெரபி என்றாலே கரண்டு வைப்பது என்று ஊரில் நிலைத்துவிட்டது. நோயாளிகளைக் குறை சொல்லிப் பயனில்லை. வந்தவரிடம் இரண்டு கேள்விகூடக் கேட்காமல் கருவியை மாட்டிப் படுக்கவைக்கும் இடங்கள் இருக்கத்தான் செய்கின்றன.

இவர் கருவிப் பக்கமே திரும்பவில்லை. கேள்விகள்தான் வந்தன. எங்காவது விழுந்தீர்களா? ராத்திரி வலி எழுப்பிவிடுகிறதா? சட்டை போடும்போது எந்தக் கையை முதலில் நுழைக்கிறீர்கள்? முதுகு தேய்த்துக் குளிக்க முடிகிறதா? பேச்சோடு பேச்சாக, "சர்க்கரை இருக்குதுங்களா ஐயா?" என்றார். "அது அஞ்சாறு வருசமா இருக்குதுங்க. அதுக்கும் இதுக்கும் என்னங்க?" என்று அவர் கேட்டார். சம்பந்தம் உண்டு. சர்க்கரை நோயாளிகளுக்குத் தோள் இறுகிப்போவது மற்றவர்களைவிட அதிகம்.

பிறகு கழுத்தைத் திருப்பச் சொன்னார். தோளில் தெரியும் வலி கழுத்து நரம்பிலிருந்து இறங்கி வந்ததாகவும் இருக்கலாம் என்பதால் முதலில் அதை விலக்க வேண்டும். கழுத்து தடையில்லாமல் திரும்பியது. அடுத்து, கையைத் தானாகவே பக்கவாட்டில் தூக்கச் சொன்னார். தோள் உயரத்துக்குக்கூட வரவில்லை. காதை நோக்கித் தோள்பட்டைதான் ஏறியது. இங்கேதான் வேலையின் நுட்பம். அதே கையை இப்போது அவர் தன் கையில் ஏந்தி, "நீங்க சும்மா விட்டுருங்க" என்று சொல்லித் தூக்கினார். நோயாளியால் தூக்க முடியாத கை அடுத்தவர் தூக்கினால் மேலே போகும் என்றால், தசைநாண் கிழிந்திருக்கலாம், நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். யார் தூக்கினாலும் ஒரே இடத்தில் நிற்குமென்றால் மூட்டுறையே இறுகியிருக்கக்கூடும். நின்றது.

முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, முன்கையை மட்டும் வெளிப்பக்கம் திருப்பினார். கோனியோமீட்டரை வைத்து அளந்தபோது 15 டிகிரி; இடது கையில் 60. இறுகிய தோளில் முதலில் பறிபோவது இந்த வெளித்திருப்பம்தான். என் விரலையும் அங்கே வைத்துப் பார்க்கச் சொன்னார். அசைவு முடியும் இடத்தில் எலும்போடு எலும்பு முட்டியது போல் 'டக்' என்று நிற்கவில்லை; தோல் வாரை இழுத்துப் பிடித்தது போல் கெட்டியாக, ஆனால் துளி நெகிழ்வோடு நின்றது. அசைவின் முடிவில் கைக்குத் தெரியும் இந்த உணர்வை வகைப்படுத்தி, தானே அசைப்பது, பிறர் அசைப்பது, எதிர்த்துத் தள்ளுவது என்று பரிசோதனைக்கு ஒரு வரிசை வகுத்தவர் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் இருந்த ஜேம்ஸ் சிரியாக்ஸ். உலகெங்கும் பிசியோதெரபி மாணவர்கள் இன்னும் அதைப் படிக்கிறார்கள். படித்தால் மட்டும் வருவதில்லை என்பதை என் விரல் சொன்னது; அவர் சொல்லியிருக்காவிட்டால் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது.

"அப்ப கரண்டு இல்லீங்களா?" என்றார் நெசவாளர். "வலி அடங்க ஒத்தடம் தர்றேனுங்க. கையை நீங்கதான் தெனமும் ஓட்டணும்."

அடுத்து சங்ககிரிப் பக்கத்து லாரி ஓட்டுநர், ஸ்கேன் கவரை முன்னால் நீட்டியபடியே வந்தார். "டிஸ்க் விலகிருச்சுன்னு போட்டிருக்குதுங்க." கவரை வாங்கி மேஜையில் வைத்தவர், பரிசோதனை முடியும்வரை அதைப் பிரிக்கவில்லை. இது எனக்குப் பிடித்திருந்தது. முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் திரட்டி 2015இல் வெளியான ஆய்வில், 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. படத்தை முதலில் பார்த்துவிட்டால் கை அதையே தேடிப் போகும்.

மல்லாக்கப் படுக்கவைத்து, முட்டி மடங்காமல் காலைத் தூக்கினார். வலி தொடைக்குப் பின்னால் மட்டும் இழுத்தால் அது பெரும்பாலும் தசை. முட்டிக்குக் கீழே மின்னல் வெட்டினால் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். ஓட்டுநருக்கு வெறும் தசைதான். ஆனாலும் குரலைத் தாழ்த்தி, சிறுநீர் சரியாகப் போகிறதா, உட்காரும் இடம் மரத்துப்போயிருக்கிறதா என்று கேட்டார். அவர் நெளிந்தார். தண்டுவடத்தின் அடிப்பகுதி நரம்புக்கற்றை நசுங்கினால் வரும் அறிகுறிகள் இவை. ஆம் என்ற பதில் வந்தால் உடற்பயிற்சிக்கு அங்கே வேலையில்லை, அறுவை சிகிச்சைக்கு உடனே அனுப்ப வேண்டும். காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைதல், எப்படிப் படுத்தாலும் தணியாத இரவு வலி ஆகியவையும் எச்சரிக்கை அறிகுறிகளின் பட்டியலில் உண்டு. சிகிச்சை தருவதைவிட, யாருக்குத் தரக்கூடாது என்று பிரிப்பதுதான் இவருடைய பெரிய பொறுப்பு என்று எனக்குப் பட்டது.

அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய பிறகு, தமிழகத்தில் பிசியோதெரபிஸ்டுகள் வீடுகளுக்கும் போகிறார்கள். அப்படிப் போகும் இன்னொருவருடன் ஒரு பெரியவர் வீட்டுக்குச் சென்றேன். இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவர். "நானே தனியா நடக்கறேன் தம்பி" என்றார். மருமகள் பின்னாலிருந்து, "எங்கீங்க, செவுத்தைப் பிடிச்சுட்டுத்தான்" என்றார்.

பிசியோதெரபிஸ்ட் இருவரிடமும் வாதாடவில்லை. நாற்காலியிலிருந்து 3 மீட்டர் அளந்து சாக்பீஸால் கோடு போட்டார். எழுந்து, கோடுவரை நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 வினாடியைத் தாண்டினால் விழும் ஆபத்து இருப்பதாகக் கணக்கு. செல்போன் கடிகாரம் 24இல் நின்றது. அதிலும் பாதி நேரம் நாற்காலியை விட்டு எழுவதற்கே போனது. தொடைத் தசையைச் சோதித்தார். ஐந்துக்கு மூன்று, அதாவது காலைத் தூக்கி நீட்ட முடிகிறது, ஆனால் லேசாக அழுத்தினாலும் தாங்கவில்லை. பிறகு கழிப்பறைக்குப் போய்ப் படியின் உயரத்தை டேப்பால் அளந்தார். மருத்துவமனைக் கட்டிலில் எத்தனை சோதித்தாலும் இந்தப் படி தெரிந்திருக்காது. வெறும் பீங்கான் தொட்டி, பிடிக்க ஒன்றுமில்லை.

"கம்பி ஒண்ணு அடிக்கணுங்க, இந்த உயரத்துல" என்று சுவரில் பென்சிலால் குறித்தார். மருமகள், கொத்தனாரை எப்போது கூப்பிடலாம் என்று கணக்குப் போட ஆரம்பித்தார்.